ஏலத்தோட்டத்து ஜீப்பும் அந்திக் காய்ச்சலும்

கம்பத்திலிருந்து மலைமேல் ஏலத்தோட்டங்களுக்குக் கூலி ஆட்களை ஏற்றிப்போகிற ஜீப்புக்காரனுக்கு வண்டி ஓட்டத் தெரிந்தால் மட்டும் போதாது. பின்னால் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் பெண்கள் அவனைப் பற்றியே பேசும்போது காது கேட்காதவன்போல் இருக்கவும் தெரிய வேண்டும். எனக்கு இரண்டாவது வித்தை கடைசிவரை வரவில்லை.

விடியுமுன் ஆளேற்றி, மேட்டுச் செக்போஸ்ட்டைத் தாண்டி, கேரளப் பக்கம் தோட்டம் தோட்டமாக இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்ப அள்ளிக்கொண்டு வருவது என் பிழைப்பு. அப்படி ஓடிக்கொண்டிருந்தவனுக்குத்தான் எங்கள் ஊரில் யாருமே கேள்விப்படாத ஒரு சீக்கு வந்தது. பேர் தெரியாத காய்ச்சலோடு ஆஸ்பத்திரி பெஞ்சுகளைத் தேய்த்தவர்கள் இதைப் படிக்கிறவர்களில் நிச்சயம் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம், ஆனால் "எங்க சித்தப்பாவுக்கும் இப்படித்தான்" என்று ஆரம்பிக்கக் கூடாது.

வீட்டுக்குப் போகப் பிடிக்காதவன்

முதலில் தொண்டை வலித்தது. அப்புறம் காய்ச்சல். அது ஊர் உலகத்துக் காய்ச்சல் இல்லை, கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு வருகிற காய்ச்சல். பகலெல்லாம் ஆள் நன்றாக இருப்பேன். சாயங்காலம் ஆளேற்றிக்கொண்டு மலையிறங்கும்போது, பொழுது சாய்கிற நேரம் பார்த்துப் பல் தந்தியடிக்கும். வீடு சேர்ந்து போர்வைக்குள் புகுந்தால் உடம்பு கொதிக்கும். விடிவதற்குள் வியர்த்துக் கொட்டி, ஒன்றுமே நடக்காத மாதிரி விட்டுவிடும். கூடவே மணிக்கட்டும் முழங்காலும் வீங்கின. காலையில் ஸ்டியரிங்கைப் பிடித்தால், விரல் மடங்குவேனா என்று அடம் பிடிக்கும்.

எனக்கு நாலு வயதில் ஒரு மகள், யாழினி. வண்டிச் சத்தம் கேட்டால் தெருமுனைக்கு ஓடி வந்து நிற்பாள். அங்கிருந்து வீட்டு வாசல்வரை என் மடியில்தான் வருவாள், ஹாரன் அவள் பொறுப்பு. காய்ச்சல் வந்த பிறகு அவளைத் தூக்க மணிக்கட்டு இடம் கொடுக்கவில்லை. "நாளைக்குத் தூக்குறேன்த்தா" என்று சொல்லியே ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன். அந்த 'நாளைக்கு' மாதக்கணக்கில் இழுக்கும் என்று தெரிந்திருந்தால், கை போனால் போகிறதென்று தூக்கியிருப்பேன்.

என் வண்டிக்கு ஆள் சேர்த்துக் கொடுப்பது பேச்சியம்மா அக்கா. முன் சீட்டு எப்போதும் அக்காவுக்குத்தான். ஒரு நாள் இறங்கும்போது என் நடுக்கத்தைப் பார்த்துவிட்டு விவரம் கேட்டது. சொன்னேன். நாலு வளைவு தாண்டும்வரை யோசித்துவிட்டுத் தீர்ப்பைச் சொன்னது: "பகலெல்லாம் நல்லா இருக்க, பொழுது சாஞ்சா காய்ச்சல் வருதுங்கிற. இது சீக்கு இல்ல தம்பி, ஒனக்கு வீட்டுக்குப் போகப் புடிக்கல."

எல்லாம் நார்மல்

கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், தேனி என்று பள்ளத்தாக்கில் நான் ரத்தம் கொடுக்காத ஊர் இல்லை. மலேரியா இல்லை, டெங்கு இல்லை, டைபாய்டு இல்லை, டி.பி. இல்லை. ஒவ்வொரு 'இல்லை'க்கும் என் ஆத்தா சாமிக்குச் சூடம் ஏற்றினாள். எனக்கோ அதுதான் பயம். இன்னதென்று சொல்லிவிட்டால் அதற்கு மருந்து உண்டு, இல்லை என்பதற்கு மருந்தை எந்தக் கடையில் கேட்பது? மாற்றி மாற்றி ஊசி போட்டார்கள். காய்ச்சல் அதையெல்லாம் ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை.

ஒரு லேபில் ரிசல்ட் கொடுக்கிற பையன் என் வண்டியை அடிக்கடி பார்த்திருக்கிறான். உடம்பில் எங்கேயோ அழற்சி இருக்கிறது, அதாவது உள்ளுக்குள் ஏதோ கனன்றுகொண்டிருக்கிறது என்று காட்டுகிற டெஸ்ட் ஒன்று உண்டு, ஈ.எஸ்.ஆர். என்பார்கள். அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். மறுபடி அதைப் பார்த்தான். "மத்ததெல்லாம் நார்மல்ணே. இது மட்டும் ஒங்க ஜீப் மாதிரி மலையேறிப் போயி நிக்கிது, எறங்க மாட்டேங்குது."

காலையில் போய்ச் சாயங்காலம் வருகிறவர்

ஒரு நாள் காய்ச்சல் ஏறியபோது சட்டையைக் கழற்றிப்போட்டுப் படுத்திருந்தேன். நெஞ்சிலும் கையிலும் ரோஸ் கலரில் திட்டுத் திட்டாகத் தடிப்பு. கஞ்சி கொண்டுவந்த ஆத்தா, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கும்பிட்டாள். "அம்மாள் வந்திருக்காக" என்றாள். எங்கள் பக்கம் அம்மை போட்டால் அதைச் சீக்கு என்று சொல்ல மாட்டோம். மாரியம்மனே ஆள்மேல் இறங்கியிருப்பதாகத்தான் பேச்சு. வாசலில் வேப்பிலை சொருகியாயிற்று. தாளிப்புக் கிடையாது, கறி கிடையாது, மாத்திரை ஊசி எதுவும் கிடையாது. சின்னப்பிள்ளை இருக்கிற வீடு என்று, என் பெண்டாட்டி ஜெயாவையும் யாழினியையும் அன்றைக்கே மார்க்கையன்கோட்டையில் இருக்கும் என் மாமனார் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஜெயா கிளம்புமுன் செல்லில் என் நெஞ்சை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டாள். என்னைத் தொடக்கூடாது என்றதும் யாழினி அழுதாள். "அப்பா மேல சாமி வந்திருக்காகத்தா, கிட்டப் போகக்கூடாது" என்று ஆத்தா அவளைச் சமாதானப்படுத்தினாள்.

விடிந்து பார்த்தால் உடம்பில் ஒரு தடிப்பு இல்லை. ஆத்தாவுக்குச் சந்தோசம். அம்மை இறங்கிவிட்டால் வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீரைத் தலைக்கு ஊற்றி முடிக்க வேண்டும். ஊற்றினாள். சாயங்காலம் காய்ச்சலோடு தடிப்பும் வந்து நின்றது. பழைய வேப்பிலையை எடுத்துவிட்டுப் புது வேப்பிலை. மறுநாள் மறுபடி தண்ணீர், மறுபடி தடிப்பு. வாசலுக்கு அந்தப் பக்கமே நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு ஈஸ்வரி மதினி கடைசியில் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டது: "நானும் எத்தனையோ அம்மை பாத்திருக்கேன். காலையில போயிட்டுச் சாயங்காலம் வர்ற அம்மாளைப் பாத்ததே இல்ல. டூட்டிக்கு எதும் போயிட்டு வர்றாகளா?"

வீடியோ கால்

மாத்திரையும் இல்லாமல் ஆள் ஒடுங்கிப்போனேன். ஜீப்பு வாசலில் தூசி படிந்து நின்றது. ஜெயா தினமும் சாயங்காலம் வீடியோ கால் போடுவாள். யாழினி முகத்தைப் பார்க்கலாம் என்பதற்காகவே அந்தப் பகலைப் பிடித்துத் தள்ளுவேன். ஆனால் நானும் அவளும் பேசுகிற நேரமும் காய்ச்சல் வருகிற நேரமும் ஒன்றாக இருந்தது. கண் சிவந்து, நெற்றியில் விபூதியும் மஞ்சளுமாக, தலைமாட்டில் வேப்பிலைக் கொத்தோடு நான் ஃபோனில் தெரிவேன்.

முதலில் "அப்பா" என்று கத்திக்கொண்டு வந்தாள். பிறகு பேசாமல் பார்க்க ஆரம்பித்தாள். ஒரு நாள் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஃபோனைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினாள். நெற்றியைத் துடைத்துக் காட்டினேன். "ஏந்த்தா, அப்பாதான்த்தா" என்றேன். அவள் நம்பவில்லை. ரொம்பப் பணிவாகக் கேட்டாள்: "சாமி, எங்கப்பாவ எப்ப விடுவீக?"

காவல்காரன்

அதைக் கேட்ட ஜெயா மறுநாள் முதல் பஸ்ஸில் தனியாக வந்து இறங்கினாள். "அத்தே, அம்மைன்னா போட்டு எறங்கணும். இப்படி வந்து வந்து போகாது. இது என்னமோ வேற" என்று சொல்லிவிட்டு, வாசல் வேப்பிலையைத் தொட்டுக் கும்பிட்டு எடுத்துவிட்டாள். ஆத்தா முகத்தைத் திருப்பிக்கொண்டாளே தவிரத் தடுக்கவில்லை. நேரே மதுரை. மூட்டுவாதம் பார்க்கிற ஒரு டாக்டரம்மா காய்ச்சல் எந்நேரம் வரும், எந்நேரம் விடும் என்று போலீஸ் மாதிரி விசாரித்தார். தடிப்பு உண்டா என்று கேட்டபோது பகல் வேளை, என் உடம்பில் காட்ட ஒன்றும் இல்லை. ஜெயா செல்லை நீட்டினாள். டாக்டரம்மா அந்தப் போட்டோவை ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் ஃபெரிட்டின் என்று ஒரு ரத்த டெஸ்ட், இடுப்பெலும்பில் ஊசி குத்தி ரத்தப் புற்று இல்லை என்று நிச்சயப்படுத்த இன்னொரு டெஸ்ட். அந்த ரிசல்ட் வரும்வரை நானும் ஜெயாவும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை.

மற்றதெல்லாம் இல்லை என்று கழித்துக் கழித்துக் கடைசியில் நின்ற பேர், ஸ்டில்ஸ் டிசீஸ். பெரியவர்களுக்கு வருவது அபூர்வமாம். நான் என்ன தொழில் என்று கேட்டுவிட்டு, எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். தோட்டத்துக்குக் காட்டுப்பன்னி வராமல் வெடி போடக் காவல்காரன் வைத்திருக்கிறோம் இல்லையா, அதுபோல ரத்தத்திலும் காவல் உண்டு. கிருமி வந்தால் அது வெடி போடும். என் காவல்காரனுக்குப் பன்னியே வராதபோதும் வந்துவிட்டதாக நினைப்பு. தினமும் சாயங்காலம் அவனாக வெடி போடுகிறான், தோட்டம் எரிகிறது. காய்ச்சல், தடிப்பு, வீக்கம் எல்லாம் அந்த நெருப்புத்தான். "ஆளை மாத்த முடியாதா டாக்டர்?" என்றாள் ஜெயா. மாற்ற முடியாது, அசத்தித் தூங்கவைக்கலாம் என்றார். ஸ்டீராய்டு மாத்திரை எழுதினார். வாரம் ஒரு தரம் போடுகிற இன்னொரு மாத்திரையும் எழுதினார்.

நான் கேட்க வந்ததே ஒன்றுதான். "இது ஒட்டுமா, பிள்ளையத் தூக்கலாமா?" ஒட்டவே ஒட்டாது என்றார். எழுந்து ஓடி பஸ் ஏறிவிடலாம் போலிருந்தது. பிள்ளை பள்ளிக்கூடம் போகிறதா, சளி பிடிக்குமா என்று அடுத்துக் கேட்டார். எல்.கே.ஜி. போகிற பிள்ளைக்கு மூக்கு எப்போது காய்ந்திருக்கிறது? அதைச் சொன்னேன். பேனாவை மூடிவிட்டுச் சொன்னார்: "உங்க சீக்கு அவளுக்கு ஒட்டாது. அவ சளிதான் உங்களுக்கு ஆகாது. காவல்காரன் தூங்குற நேரம், நெஜப் பன்னி உள்ள வந்திரும். நான் சொல்ற வரைக்கும் மூக்கு ஒழுகுற பிள்ளையக் கொஞ்சாதீங்க."

சொந்தம்

இந்தக் காவல்காரன் கதையைப் பேச்சியம்மா அக்காவிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். வெளியிலிருந்து எதுவும் வரவில்லை, என் உடம்பே என் உடம்பை அடிக்கிறது என்றேன். அக்காவுக்கு உடனே புரிந்துவிட்டது. அண்ணன் தம்பியோடு பத்து வருசமாக வரப்புத் தகராறு நடத்துகிற ஆளாச்சே. "சொந்தக்காரங்க செய்யிற வேலைய ஒன் ரத்தமே செய்ய ஆரம்பிச்சிருச்சுன்னு சொல்லு."

மாப்பிள்ளைக் களை

மாத்திரை போட்ட சில நாட்களிலேயே சாயங்காலங்கள் சும்மா வந்து சும்மா போயின. காய்ச்சல் இல்லை, தடிப்பு இல்லை. ஆனால் மணிக்கட்டு முழுசாகத் திரும்பவில்லை, அதனால் வண்டியை முத்து என்கிற டிரைவரிடம் ஓட்டக் கொடுத்திருந்தேன். வீட்டில் இருப்புக் கொள்ளாது. விடியுமுன் எழுந்து ஜீப் ஸ்டாண்டுக்குப் போய்விடுவேன். தூக்குவாளியும் தலைத்துண்டுமாகப் பெண்கள் ஏறுவதையும், முத்து கதவை அறைந்து சாத்துவதையும் பார்த்துக்கொண்டு நிற்பேன். அப்படிச் சாத்தினால் கொண்டி போய்விடும் என்று சொல்ல வாய் துறுதுறுக்கும். வண்டி திருப்பத்தில் மறைந்த பிறகும் கொஞ்ச நேரம் அங்கனயே நிற்பேன். ஏங்கிப்போய் நிற்பது என்றால் என்னவென்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

இதில் மாத்திரை செய்த கூத்து வேறு. பசி பேய்ப் பசி. முகம் உப்பி, கன்னம் பளபளவென்று பூரி மாதிரி ஆகிவிட்டது. கண்ணாடியில் பார்த்தால் எனக்கே யாரோ மாதிரி இருந்தது. வண்டியில் ஏறப்போன ஒரு பொண்ணு நின்று என்னை மேலும் கீழும் பார்த்தது. "சீக்காக் கெடக்காகன்னு சொன்னாக. நீங்க என்னண்ணே, மாமியா வீட்டு விருந்துக்குப் போயிட்டு வந்த மாப்பிள்ள மாதிரி மினுமினுன்னு இருக்கீக."

பாதி குணம்

ஒரு நாள் முத்துவோடு நானும் மலையேறினேன். பேச்சியம்மா அக்கா பெருந்தன்மையாக முன் சீட்டை விட்டுக் கொடுத்தது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் மடியில் கிடந்த என் கைகள் தானாகத் திரும்பின. கீழே பள்ளத்தாக்கில் வாழையும் தென்னையுமாகப் பச்சை விரிந்து கிடந்தது. மார்க்கையன்கோட்டை எந்தத் திசை என்று தேடினேன். அத்தனை தூரத்தில் ஒன்றும் தெரியாது என்று தெரிந்தும் தேடினேன்.

மேட்டில் நாங்கள் வழக்கமாக நிறுத்தும் டீக்கடை ஒரு மலையாளத்துச் சேட்டனுடையது. இத்தனை வருசம் எங்களோடு பழகியதில் அவர் பேச்சு பாதி தமிழாகிவிட்டது. இவ்வளவு நாள் எங்கே போனாய் என்றார். சீக்கின் பேரைச் சொன்னேன். அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார், நாக்குக்கு அடங்கவில்லை. இருந்தாலும் சீனி கம்மியாக ஒரு டீயைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "பேரு தெரியாதெ செத்துப்போனவரு எங்கட குடும்பத்துல உண்டு. ஒனக்குப் பேரு கெடச்சாச்சல்லோ, பாதி கொணமாச்சு."

மூக்குப் பரிசோதகர்

மீதிப் பாதி மார்க்கையன்கோட்டையில் இருந்தது. ஜெயா என்னோடு இருந்தாள், யாழினி தாத்தா வீட்டில் இருந்தாள். டாக்டரம்மா மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்து, பிள்ளைக்குச் சளி சுத்தமாக இல்லையென்றால் பார்க்கலாம் என்று ஒரு வழியாக வாய் திறந்தார். அன்றிலிருந்து என் மாமனாருக்கு ஒரு புது உத்தியோகம். வாழைத் தோட்டத்துக்குப் போகுமுன் பேத்தியை வெளிச்சத்தில் நிறுத்தி, மூக்கை நிமிர்த்திப் பார்த்துவிட்டு எனக்கு ஃபோன் போடுவார். வலது பக்கம் லேசாக ஒழுகுது மாப்பிள்ளை. இன்னைக்குத் தும்மினா மாப்பிள்ளை. காய்ஞ்சு வந்துச்சு, நேத்து எவளோ ஒருத்தி ஐஸ் வாங்கிக் கொடுத்துட்டா மாப்பிள்ளை.

அவர் ஃபோன் வரும்போதெல்லாம், இன்றைக்குக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லமாட்டாரா என்று மனசு தவிக்கும். ஒரு நாள் நான் கெஞ்சியேவிட்டேன். லேசான இருமல்தானே மாமா, தூரத்தில் நிறுத்தியாவது காட்டிவிட்டுப் போங்களேன் என்றேன். அவர் பேத்தியை மறுபடி வெளிச்சத்துக்குக் கூப்பிடுவது கேட்டது. "ரெண்டு தொவாரமும் காஞ்சிருக்கு மாப்பிள்ள. ஆனா விடியக்காலம் ஒரு இருமல் விழுந்துச்சு. எம் மகளுக்கு நீங்க வேணும், நான் பொய் சொல்லமாட்டேன்."

கட்டில்

கடைசியில் வந்தாள். மாமனார் அவள் முகத்தில் பொம்மை போட்ட மாஸ்க் ஒன்றை மாட்டிக் கூட்டி வந்திருந்தார். பொழுது சாய்கிற நேரம். நான் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அவள் முகம் பாதி தெரியவில்லை, அவளுக்கு என் முகம் முழுசாகத் தெரிந்தும் அடையாளம் தெரியவில்லை. கையை விரித்தேன். அவள் நிலைப்படியைத் தாண்டவில்லை. என் உப்பின கன்னத்தைப் பார்த்தாள், ஜெயாவைப் பார்த்தாள், மெதுவாக இரண்டு கையையும் கூப்பினாள். "நீங்க சாமியா?" என்றாள். பிறந்ததிலிருந்து என்னை வா போ என்று கூப்பிட்ட பிள்ளை. அந்த மரியாதை எனக்கு ஆகவே இல்லை.

"சாமி இல்லத்தா. அப்பாவுக்குச் சீக்கு. மாத்தர போட்டதுல மூஞ்சி இப்படி ஆயிருச்சு" என்றேன். நம்பலாமா வேண்டாமா என்று நின்றாள். "மறுபடி வருமா?" என்றாள். வரவே வராது என்று சொல் என்பதுபோல் ஜெயா அவளுக்குப் பின்னால் நின்று தலையாட்டினாள். ஆனால் வராமலே போகலாம், சில மாதத்திலோ சில வருசத்திலோ திரும்பவும் வரலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். இன்றைக்கு வராது என்று சொல்லிவிட்டு, என்றைக்காவது ஒரு சாயங்காலம் அது வந்து நின்றால், இவள் மறுபடி வாசலில் கைகூப்பிக்கொண்டு நிற்பாள். அதைத் தாங்க எனக்குத் தெம்பு இல்லை. "வந்தாலும் வரும்த்தா" என்றேன். மாமனார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

யாழினி கூப்பிய கையை இறக்கினாள். என்னிடம் வந்து, கட்டில் சட்டத்தைப் பிடித்துக் காலைத் தூக்கிப் போட்டு, தானாகவே ஏறினாள். "வந்தா வரட்டும்ப்பா. நீ கொஞ்சம் தள்ளிக்க, நான் ஓரமா ஒக்காந்துக்கிறேன்."

காய்ச்சலுக்குப் பேர் கண்டுபிடிக்க மதுரைவரை போன எனக்கு, அதோடு ஒரே கட்டிலில் எப்படி உட்காருவது என்று சொல்லித்தர மார்க்கையன்கோட்டையிலிருந்துதான் ஆள் வர வேண்டியிருந்தது.